காலாவதி ஈஸ்ட்

அண்டாவின் மூடியைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டான் சிவக்குமார். சத்தமே இல்லை. ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஏனுங்க, அதென்ன போர்க்குழியா? தண்ணி வருதான்னு காது வெச்சுக் கேக்கறீங்க?" என்றாள் மனைவி அமுதவல்லி.

"பேசாம இரு. பீரு பொறக்கற நேரம்."

பீர் பிறந்தே ஆக வேண்டும். அமுதவல்லியின் அண்ணன் ரமேஷ்குமார் திருச்செங்கோட்டில் போர்வெல் தொழிலில் பெரிய கை. புது ரிக் வண்டி எடுக்கிறார். அதில் பங்குதாரராகச் சேர சிவக்குமார் மாதக்கணக்கில் தவம் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்து பதில் சொல்வதாகச் சொன்னவர், "மாப்ள, ஜெர்மனி போனப்போ பீரு போடற சாமான் வாங்கியாந்து குடுத்தேனே, அதுல போட்டு வைங்க. குடிச்சுட்டே பேசலாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சாமானில் இருந்த பெரிய வாளி எப்போதோ அரிசி கொட்டி வைக்கப் போய்விட்டது. ஈஸ்ட் பாக்கெட் பரண்மேல் மூன்று கோடையை முழுசாகப் பார்த்திருந்தது. தேதி முடிந்த பாக்கெட் என்று அமுதவல்லி சொன்னாள்.

"பழைய வெல்லந்தான் மருந்துக்கு ஆவும். ஈஸ்ட்டும் அப்படித்தான்" என்றான் அந்த மேதை. போனில் இரண்டு வீடியோ பார்த்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

பார்லிப் பாகைக் காய்ச்சி, எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவினான். சமையலுக்கு வரும் ஆத்தாயி எட்டிப் பார்த்தாள்.

"என்னுங் சாமி, கசாயமுங்களா?"

"வெளிநாட்டுச் சரக்கு. மச்சானுக்கு. வெளிய மூச்சு உட்றாத."

மறுநாள் வழக்கம்போல வெயில் ஏறிய பிறகு எழுந்து வந்து அண்டாவைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. துள்ளிக் குதித்தான்.

"பாத்தியா! ஈஸ்ட்டு வேல செய்யுது. சூடு கெளம்பிருச்சு!"

சாயங்காலம் அண்டா சில்லிட்டுப் போனது. குமிழியும் இல்லை. ஈஸ்ட்டுக்குப் பசி என்று முடிவு செய்து நாட்டுச்சர்க்கரையை அள்ளிக் கொட்டினான். அதற்கும் அசையவில்லை. அடுத்த நாள் பேக்கரிக்காரரிடம் கெஞ்சிப் புது ஈஸ்ட் வாங்கி வந்து போட்டான். அதுவும் படுத்துவிட்டது.

"பழசோட சேந்து புதுசும் கெட்டுப்போச்சு" என்றான்.

"உங்களோட சேந்து நான் கெட்டாப்பலயா?" என்றாள் அமுதவல்லி.

கடைசியாக ஓர் அபார யோசனை பிறந்தது. இட்லி மாவு ராத்திரியில் பொங்குகிறதே! நாலு கரண்டி மாவை அண்டாவில் ஊற்றிக் கலக்கினான். விடிந்து பார்த்தால், பீர் கரண்டி நிற்கிற பதத்துக்கு வந்திருந்தது.

"கோதுமை பீருன்னு ஒண்ணு இருக்குது. அது இப்படித்தான் வெள்ளையா இருக்கும்" என்றான். குரலில் சுருதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரமேஷ்குமார் வந்தார். டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே இருந்தது இறங்கி வர யோசித்தது.

"மாப்ள, இத குடிக்கோணுமா, தொட்டுக்கோணுமா?"

தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டால் சிவக்குமாரின் மானம் போய்விடுமே!

"எல்லாம் உங்க ஈஸ்ட்டாலதானுங் மச்சான். செத்த ஈஸ்ட்ட என்ற தலையில கட்டிட்டீங்க."

"நான் செத்தத வாங்கியாந்தனா? மூணு வருசம் பரண்மேல போட்டு வாட்டுனது யாரு?"

"ஜெர்மனிச் சரக்குன்னா தாங்கோணுமில்லீங்க?"

"ஒரு பாக்கெட்ட வெச்சுக் காப்பாத்தத் தெரியல. உங்கள நம்பி ரிக்க உட்டா, அதையும் பரண்மேல ஏத்திருவீங்க. பங்கும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது!"

"அண்ணா, சாப்புட்டுட்டாச்சும் போங்ணா!" என்று அமுதவல்லி பின்னாலேயே ஓடினாள். ரமேஷ்குமார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"பழைய ஈஸ்ட்டு! பாழாப்போன ஈஸ்ட்டு! என்ற பொழப்பையே கெடுத்துருச்சே!" என்று சிவக்குமார் அண்டாவை எட்டி உதைத்தான்.

குழம்புக் கரண்டியும் கையுமாக ஓடிவந்த ஆத்தாயி, ஒன்றும் புரியாமல் கேட்டாள்:

"கெட்டுப்போச்சுங்களா? அதெப்புடிங் சாமி கெடும்? புளிச்சுப் பொங்கீறக் கூடாதுன்னு நாந்தான் தெனமும் காத்தால, நீங்க எந்திரிக்கறதுக்குள்ள, அடுப்புல ஏத்தி நல்லா ஒரு கொதி உட்டு எறக்கி வெச்சனே!"