பெஸ்தன்ஜியின் இலை

"ஐயையோ, உங்க மேனேஜர் இலை மறுபடியும் காலி!" என்று மனைவி வாலாம்பாள் சாதத்தோடு கிளம்பியபோது வேங்கடசுப்ரமணியனுக்கு வியர்த்துவிட்டது.

ஒரு கம்ப்யூட்டர் ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. பம்பாய் மாட்டுங்காவில் ரேஷன் அரிசியைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலேயே கொடுப்பார்கள். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

ஆபீஸில் புது மெஷினுக்கு புரோக்ராம் எழுத ஓர் ஆள் வேண்டும். வேங்கடசுப்ரமணியனுக்கு அந்த வேலைமேல் ஒரு கண். ஆளைப் பொறுக்கியெடுக்கும் மேனேஜர் பெஸ்தன்ஜிக்கோ 'லூப்' என்றால் என்னவென்றே பிடிபடவில்லை.

"ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யறது சார். எப்போ நிறுத்தணும்னு சொல்லலைன்னா நிக்கவே நிக்காது."

"நிற்காதா? மெஷின் முட்டாளா, நீ முட்டாளா?"

இதைச் சொல்லி வேங்கடசுப்ரமணியன் வீட்டில் புலம்பியபோது, "ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கோ, மனசு இளகும்," என்றவள் வாலாம்பாள்தான்.

இளகவேண்டியவர் இப்போது வீங்கிக்கொண்டிருந்தார். பார்சிக்காரர், போர்டிங் ஸ்கூலில் வளர்ந்தவர். ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர். வாலாம்பாளுக்கோ, விருந்தாளியின் இலை காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது.

வேங்கடசுப்ரமணியன் சமையலறைக்கு ஓடினார். "நிறுத்தேன்டி!"

"ஏன்னா, காலி இலையைப் பார்த்துண்டு எப்படி நிறுத்தறது?"

"மோர் சாதம் போட்டு முடி."

முடியவில்லை. மோர் சாதமும் மூன்று தடவை போயிற்று.

"ஒரேயடியா மலையா குவிச்சுடு. பயந்து மிச்சம் வெப்பார்."

குவித்தாள். பெஸ்தன்ஜி பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அதையும் வழித்துச் சாப்பிட்டார். பானை காலியானது. அப்பாடா என்று வேங்கடசுப்ரமணியன் மூச்சுவிடுவதற்குள் வாலாம்பாள் பக்கத்து வீட்டுக்குப் பறந்து, இன்னொரு பானையோடு திரும்பினாள். போச்சு, வேலை போச்சு என்று வேங்கடசுப்ரமணியன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெஸ்தன்ஜி பானையைப் பார்த்தார். மரியாதையாவது மண்ணாவது என்று இரண்டு கையாலும் இலையை மூடி, "பஸ்! பஸ்! போதும்!" என்று அலறினார்.

வாலாம்பாள் சட்டென்று நின்றாள்.

"காலியானால் போடுகிறார்... போட்டால் காலி செய்கிறேன்... யாருமே நிறுத்தச் சொல்லவில்லை..." பெஸ்தன்ஜியின் கண் விரிந்தது. "வெங்கட், இதுதானே உன் லூப்?"

"ஆமாம் சார்!"

"நாளையிலிருந்து நீ கம்ப்யூட்டர் செக்ஷன். இப்போது ஒரு டாக்ஸி கூப்பிடு."

டாக்ஸி போனதும் வேங்கடசுப்ரமணியன் சிரித்தார். "வாலா, உன் அசட்டுத்தனம்கூட நல்லதுதான் பண்ணித்து!"

வாசலில் பக்கத்து வீட்டு விசாலாக்ஷி மாமி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏண்டி வாலா, நீ நேத்திக்கே சொல்லி வெச்சியே, மூணாவது பானையும் வடிச்சாச்சு. மேனேஜருக்கு லூப் புரிஞ்சுடுத்தா, இன்னும் போடணுமா?"