ரூடி மராஸ்காவின் கடைசி அட்டை

ரூடி மராஸ்கா கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார்.

நோரீன் பெல்கிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை அவள் சேர்த்துவைத்திருந்த ஆல்பத்தைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இது ஹாங்க் டில்வர்த்தானே? இவர் இப்ப ஆடறதில்லையே."

"இல்லைங்க. ரிடையர் ஆயிட்டார்."

"இவர்?"

"அவரும்தான்."

"இவர் தோள்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வீட்டோட போனவர். இவர் கார் விக்கிறார். பத்துப் பேர்ல ஒருத்தர்கூட இன்னைக்கு மைதானத்துல இல்லை." ரூடி நிமிர்ந்தார். "பதினோராவதா என்னை எதுக்கு வெச்சிருக்கீங்க மேடம்?"

பின்னால் நாற்பது பேர் கையெழுத்துக்காக வரிசையில் நின்றிருந்தார்கள். நோரீனுக்குப் பொய் சொல்ல வராது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்; வலிக்குமா என்று யார் கேட்டாலும் வலிக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"நான் கடைசி அட்டைகளை மட்டும்தான் சேர்க்கறேன்" என்றாள்.

ரூடி எழுந்து நின்றார். நாற்பது பேருக்கும் கேட்கிற குரலில், "என் கடைசி அட்டையாம். இப்பவே கையெழுத்து வாங்க வந்திருக்காங்க" என்றார்.

நோரீன் சொல்ல நினைத்தது வேறு. எல்லோரும் ஆட்டக்காரரின் முதல் அட்டையைத்தான் தேடி அலைகிறார்கள். அதன் பின்பக்கத்தில் சொல்ல எதுவும் இருக்காது. பையனுக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும் என்று எழுதி இடத்தை நிரப்பியிருப்பார்கள். கடைசி அட்டை அப்படியில்லை. ஆடிய ஒவ்வொரு வருஷமும், அடித்ததும் தவறவிட்டதும், எறும்பு வரிசைபோல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முன்பக்கத்தில் நரைத்த தாடியோடு, யாரும் கேள்விப்படாத ஊரின் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் நிற்பார். வாழ்நாளில் அவளுக்குப் பிடித்த ஆட்டக்காரர்கள் பதினோரு பேர். பத்தாமவர் விலகியதும் அலாஸ்காவுக்குப் போய்விட்டார், அவரிடம் கையெழுத்து வாங்க அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது. அதனால்தான் ரூடி விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டாள்.

பதினோரு பேரிலும் அவளுக்கு மிகவும் பிடித்தவர் ரூடிதான். பெரிய லீக்கில் பதினாறு வருஷம் ஆடிவிட்டு, சொந்த ஊரான பெல்ஹேவனுக்கே திரும்பி, ஹெரான்ஸ் அணிக்கு ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரராக மூன்று வருஷமாக இருக்கிறார். நாற்பத்தொரு வயது. அவர் விலகும் நாளை நினைக்கவே அவளுக்குப் பிடிக்காது. இதை எப்படி மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்வது?

அன்றைய ஆட்டத்தில் ரூடி நான்கு முறை மட்டை பிடித்தார். நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பினார்.

மூன்றாவது முறையிலேயே முதல் வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, நோரீனைத் தேட ஆரம்பித்துவிட்டார். ரூடியின் அப்பா சால்வதோர் மராஸ்கா. எழுபத்தெட்டு வயது. கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை. மகன் ஊருக்குத் திரும்பியதிலிருந்து ஒரு ஆட்டத்தைக்கூட அவர் விட்டதில்லை.

"ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு வந்த அம்மா யாரு?"

நோரீனின் கணவர் க்ளென் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். ஊர் வம்பு எதுவும் வேண்டாம் என்று இருப்பவர். மெதுவாகத் தன் தொப்பியைக் கழற்றி மனைவியின் தலையில் வைத்தார்.

"குனிஞ்சுக்கோ" என்றார்.

அடுத்த ஐந்து ஆட்டங்களிலும் ரூடியின் மட்டையில் பந்து படவில்லை.

"நான்தான் காரணம்" என்றாள் நோரீன்.

"மே மாசம் பூரா அவர் மூணு தடவைதான் அடிச்சார். அப்ப யாரு காரணம்?"

"அப்ப யாரும் கணக்குப் பார்க்கலை க்ளென். இப்ப ஊரே பார்க்குது."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ரூடிக்கு மூன்று பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினாள். திங்கட்கிழமை சாயங்காலம் அதை க்ளெனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'என் ஆல்பத்தில் உள்ள பத்துப் பேரும் சராசரியாக முப்பத்தேழு வயதில் விலகினார்கள். உங்களுக்கு நாற்பத்தொன்று. அந்த வகையில் நான்கு வருஷம் உங்களுக்கு உபரியாகவே கிடைத்திருக்கிறது.'" க்ளென் கண்ணாடியைக் கழற்றினார். "இதை அனுப்பப் போறியா?"

"ஏன், ஆறுதலா இல்லையா?"

"ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் வெளியில வந்து சொல்ற மாதிரி இருக்கு. கிழிச்சுப் போடு."

"இது நகல். அசலைக் காலையிலயே தபால்ல போட்டுட்டேன்."

புதன்கிழமை உள்ளூர் வானொலியின் காலை நிகழ்ச்சியில் அந்தக் கடிதத்தை வாசித்தார்கள். ரூடியே கொடுத்தனுப்பினாராம். வாசித்தவர் "உபரி" என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தார். அன்று பல் ஆஸ்பத்திரிக்குத் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர், நோரீன் பதிவேட்டைத் திறந்ததும் பின்வாங்கினார்.

"என் பேரை இந்தம்மா எழுத வேண்டாம். வேற யாராவது எழுதட்டும்."

"வேற யாரும் இல்லைங்க."

"அப்ப வலி அவ்வளவா இல்லை" என்று போய்விட்டார்.

நோரீன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. யோசித்தாள். ரூடியின் அட்டை தன்னிடம் இருப்பதுதானே குற்றம். அது கைவிட்டுப் போனால் எல்லாம் சரியாகிவிடும். அட்டையை உறையோடு ஆல்பத்திலிருந்து உருவி, நேராகச் சால்வதோரின் கடைக்குப் போனாள்.

கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். நாற்காலியில் பாதிச் சவரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சால்வதோர் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார். கத்தி நின்றது.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று அட்டையை நீட்டினாள் நோரீன். "எனக்கு வேண்டாம். அவர் இன்னும் பத்து வருஷம் ஆடணும். என்னைவிட அதை விரும்பறவங்க யாரும் கிடையாது."

கிழவர் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். மகனின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் சற்றே இளகியது. "படத்துல நல்லா விழுந்திருக்கான்" என்றார். நாற்காலியில் இருந்தவர்கூட, நுரையோடு, "நல்ல படம்" என்றார். நோரீனுக்குப் பத்து நாளில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

சால்வதோர் அட்டையைத் திருப்பினார்.

உறையின் பின்புறம் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் நோரீன் தன் முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டுகிற சீட்டு. அதைக் கிழித்துவிட்டு வர மறந்துபோனாள். கிழவர் அதைத் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"மராஸ்கா, ரூடால்ஃப். முற்றும்."

சீட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி நான் வெச்ச பேரு" என்றார் சால்வதோர். "அதுக்குப் பக்கத்துல நீ என்ன எழுதியிருக்க பார்த்தியாம்மா?"

நோரீன் கடையைவிட்டு வெளியே வந்தாள். காரை எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்துவிட்டது. வீடு வரைக்கும் நடந்தே போனாள்.

மறுநாள் ஹெரான்ஸ் அணி மேலாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. குரலில் கோபம் இல்லை.

"சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி நீங்க மைதானத்துக்கு வந்து மைக்ல ரெண்டு வார்த்தை சொன்னா நல்லாயிருக்கும். ரூடி அடுத்த வருஷமும் ஆடுவார்னு உங்க வாயாலயே சொல்லிடுங்க. ஊருக்கும் சமாதானம். ரூடியே கேட்டுக்கிட்டார்."

"ரூடியா? என்னையா?"

"நீங்கதான் வேணும்னார்."

நோரீன் ரிசீவரை வைத்துவிட்டுச் சமையலறையிலேயே நின்று அழுதாள். அவர் மன்னித்துவிட்டார். க்ளென் மட்டும் தாடையைச் சொறிந்தார்.

"உனக்கு மைக் வேண்டாம் நோரி. உனக்கு மனசுல இருக்கிறது வாயில வேற மாதிரி வரும்."

"எழுதி வெச்சுப் படிக்கறேன்."

"எழுதினா இன்னும் மோசமா வருது."

ஜூலையின் அந்தக் கடைசிச் சனிக்கிழமை மூவாயிரம் பேர் வந்திருந்தார்கள். வழக்கமாகத் தொள்ளாயிரம் பேர் வந்தால் அதிகம். நோரீன் நீலச் சட்டை அணிந்து, புல்லில் செருப்பு புதைய நடந்து, மைக் முன்னால் நின்றாள். ரூடி பத்தடி தள்ளித் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் வரிசையில் சால்வதோர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். எழுதி வந்த தாளைத் தேடினாள். அது க்ளெனின் கோட்டுப் பையில் இருந்தது, க்ளென் பதினேழாம் வரிசையில் இருந்தார்.

"ரூடி அடுத்த வருஷமும் ஆடுவார்" என்றாள். குரல் மைதானத்தைச் சுற்றிவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. கொஞ்சம் கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொன்னதுபோல மனம் உறுத்தியது. "அதாவது, எனக்கு அப்படி ஆசை" என்றாள்.

கைதட்டல் நின்றது.

"இதுவரைக்கும் நான் நினைச்சது எதுவும் தப்பினதில்லைன்னு சொல்லுவாங்க. அந்தப் பத்துப் பேரும் தானாத்தான் போனாங்க. ரூடியும் போகும்போது தானாத்தான் போவார். நான் இருக்கறதுனால இல்லை. அவர் போகும்போது நான் கண்டிப்பா இருப்பேன்."

யாரோ மைக்கை அணைத்தார்கள்.

அன்று ரூடி மூன்று முறை மட்டை பிடித்தார். மூன்று முறையும் காற்றைத்தான் அடித்தார். மூன்றாவது முறை மட்டையை மெதுவாகத் தரையில் வைத்து, தொப்பியைக் கழற்றி, முதல் வரிசைப் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சால்வதோர் எழுந்து நின்று தலையாட்டினார். பிறகு கிழவர் முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயதுக்காரர் அழுவதை மூவாயிரம் பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு நோரீனைப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ரூடி நிருபர்களிடம் பேசினார். "நீங்களே பார்த்தீங்க. இதுக்குமேல ஒரு மனுஷன் என்ன பண்ண முடியும்?" விலகிவிட்டதாக அறிவித்தார்.

அதற்குப் பிறகு நோரீனுக்கு ஊரில் இடமில்லாமல் போனது. பல் டாக்டர் அவளைக் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார். க்ளெனிடம் மூன்று கடைகள் ரொட்டி வாங்குவதை நிறுத்தின. எதிர்வீட்டு அம்மாள் கூடத் தன் பையன் கால்பந்துப் பயிற்சிக்குக் கிளம்பும்போது நோரீன் வாசலில் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டே அனுப்பினாள்.

இதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. பத்தொன்பது வருஷம் ரூடி ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கும்போதும் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அந்தக் கைகளாலேயே அவரை முடித்துவிட்டாள். ஆல்பத்தைத் திறந்தால் பத்து முகங்களும் அவளைப் பார்த்தன. இவர்களையும் நான்தானோ என்று தோன்ற ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்துகொண்டவரின் தோள்கூட.

"தோள் போனது சிகாகோவுல. நீ அன்னைக்கு இங்க துணி துவைச்சுக்கிட்டு இருந்தே" என்றார் க்ளென்.

"டிவியில பார்த்துக்கிட்டே துவைச்சேன்."

க்ளென் ஆல்பத்தை மூடி அலமாரியில் வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மைதானத்தில் ஆட்டம் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆல்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். எரித்தாலும் சரி. இனி யாரையும் பிடிக்காமல் இருந்துவிட வேண்டும். பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே ஹெரான்ஸ் அணிக்குச் சீருடை துவைக்கும் பர்ட் என்ற பெரியவர் ஈரச் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதை எங்கயாவது போட்டுடுங்க" என்று ஆல்பத்தை அவரிடம் நீட்டினாள். "என்னால ஒரு நல்ல மனுஷர் பொழப்பு போச்சு. அவங்க அப்பா முகத்தை நினைச்சா தூக்கம் வரலை."

பர்ட் வாயிலிருந்த கிளிப்பை எடுத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த ஆல்பம் அம்மா நீங்கதானா? ரூடி ஃப்ளோரிடா போறதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்தா நன்றி சொல்லச் சொன்னாரு."

"நன்றியா? எதுக்கு?"

பர்ட் சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

"ஜூலையோட விலகிக்கறேன்னு ஏப்ரல்லயே அணிக்கு எழுதிக் கொடுத்துட்டாரும்மா. அவங்க அப்பாகிட்ட அதைச் சொல்லத் தைரியம் இல்லாம, பழியைப் போட ஒரு ஆள் தேடிக்கிட்டு இருந்தாரு."