எண்சாண் சட்டமும் ஆவுடையின் தலைவலியும்

உப்பளங்களுக்கு மேற்கே, மலைக்குக் கிழக்கே, வெளிச்சபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே இருட்டு கிடையாது என்று அரசாணை போட்டிருந்தார்கள். ஆணையை மெய்யாக்கத் தெருவுக்கு நூறு வெண்கலக் கண்ணாடிகளை நட்டு, வெயிலை வீடுகளுக்குள் திருப்பிவிட்டார்கள். நாழிகைக்கு ஒருமுறை சாதனை முரசு முழங்கும். சாதனை ஏதும் நடக்காத நாழிகையில், முரசு தவறாமல் முழங்குவதே சாதனை என்று அறிவிப்பார்கள். மக்கள் எந்நேரமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அது சிரிப்பு மாதிரித் தெரியும். அதனால் பேரொளி வேந்தருக்குத் தம் குடிகளைப் பற்றிப் பரம திருப்தி.

அந்தக் கண்ணாடிகளைத் துலக்கும் வேலை ஆவுடைக்கு. புளியும் சாம்பலும் போட்டு அவள் தேய்த்தால் வெண்கலம் கண்ணைப் பறிக்கும். ஆனால் மாதத்தில் ஐந்தாறு நாள் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிடும். முதலில் கண்ணோரம் பூச்சி பறக்கும். பிறகு இடப்பக்கப் பொட்டில் யாரோ உரலைப் போட்டு இடிக்கத் தொடங்குவார்கள். குடித்த கஞ்சி வெளியே வந்துவிடும். அந்த நாளில் வெளிச்சம் பகை, சத்தம் பகை, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனைகூடப் பகை. ஜன்னலில் கோணியைத் தொங்கவிட்டு, நெற்றியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு சுருண்டு கிடப்பாள். அவள் கணவன் மூக்கன் செக்கு ஓட்டுகிறவன், பெருந்தொண்டைக்காரன். அன்றைக்கு மட்டும் மாட்டைக்கூட ஜாடை காட்டித்தான் ஓட்டுவான்.

வெளிச்சபுரியில் ஒரு மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால், பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி வைப்பார்கள். மூன்று புள்ளி சேர்ந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் வேலையும் போச்சு, அரண்மனை அரிசியும் போச்சு. ஆவுடைக்கு ஏற்கெனவே இரண்டு புள்ளி விழுந்திருந்தது. தப்பிக்க ஒரே வழி, நிழற்படி. அது கிடைத்தால் ஊனமுற்றவர்கள் வீட்டு நிழலில் படுத்திருக்கும் நாளிலும் பெயர் நிற்கும், அரிசி வரும். அடுத்த மாதம் பிறந்ததும் அவள் மனு எழுதிக்கொண்டு நிழற்படி மன்றத்துக்குப் போனாள்.

மன்றத்தில் அங்க அளவையர் திருமேனிநாதர் கையில் அளவுகோலோடு வீற்றிருந்தார்.

“ஊனம் எங்கே இருக்கிறது?” என்றார்.

“தலையிலங்க. ஒத்தத் தலைவலி. வந்துச்சுன்னா எந்திரிக்கவே முடியாதுங்க.”

திருமேனிநாதர் ஓலையைப் புரட்டினார். “சட்டம் தெளிவாக இருக்கிறது. ‘எண்சாண் உடம்பு’ என்பது ஆன்றோர் வாக்கு. ஆகவே குடிமக்களின் உடம்பு எட்டுச் சாண். அதில் தலை ஒரு சாண். நீ சொல்வதோ ஒற்றைத் தலைவலி, ஆகவே அரைச் சாண். எட்டுச் சாணில் அரைச் சாண் என்பது வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. நிழற்படி பெறக் குறைந்தது நான்கு சாண் பழுதாகியிருக்க வேண்டும். மீதி ஏழரைச் சாணும் நலமாக இருப்பதற்கு அரசு உன்னை வாழ்த்துகிறது.”

ஆவுடை லேசில் விடுகிறவள் இல்லை. “ஐயா, எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்னு முழுசாவுல்ல சொல்லுவாங்க?”

“சட்டமாக்கப்பட்டது முதல் பாதி மட்டும். இரண்டாம் பாதி வெறும் புகழ்ச்சி.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் மூக்கன் தலையில் அடித்துக்கொண்டான். “ஏழரைன்னு அவர் வாயில வந்தப்பவே நீ எந்திரிச்சு வந்திருக்கணும், புள்ள.”

அடுத்த வாரம் புது ஆணை வந்தது. வலியை நேரில் காட்டுகிறவர்களுக்கு அளவில் சலுகை உண்டு, ஆகவே மனுதாரர்கள் வலியோடு வரவேண்டும். வலி இருந்த ஒரு நாள், முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஆவுடை போய்ச் சேர்ந்தாள். “நடந்து வந்திருக்கிறாய், ஆகவே நலமாக இருக்கிறாய்,” என்று எழுதினார் அளவையர். மறுநாளும் வலி விடவில்லை. மூக்கன் அவளை முதுகில் சுமந்துகொண்டு போனான். திருமேனிநாதர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “இடுப்பு வலிக்கிறதா? இடுப்பு இரண்டு சாண். நீ வேண்டுமானால் மனுச் செய்யலாம்.”

இந்த அலைச்சலிலேயே அந்த மாதத்துக்கான மூன்று நாளும் கரைந்துவிட்டது. இனி ஒரு நாள் படுத்தால் மூன்றாவது புள்ளி.

மற்ற மனுதாரர்கள் பலர், விசாரணைக்குக் குறித்த நாளில் வலி வரமாட்டேனென்கிறது என்று முறையிட்டிருந்தார்கள். அதை அரசு மிகுந்த கனிவோடு பரிசீலித்தது. அந்த மாதமே மன்றத்தின் முன்னால் ‘வலி வரவேற்பு மண்டபம்’ கட்டப்பட்டது. சுற்றிலும் முந்நூறு கண்ணாடிகள், நடுவில் நாற்பது முரசுகள். மனுதாரர் உள்ளே அரை நாழிகை உட்கார்ந்தால் வலி தானே வந்துவிடும், அளந்துகொள்ளலாம். முந்நூறு கண்ணாடிகளையும் துலக்கும் வேலை ஆவுடையின் தலையில்தான் விழுந்தது. அவள் குறை வைக்காமல் துலக்கினாள். வேலையில் கள்ளம் பண்ண அவளுக்குத் தெரியாது.

திறப்பு விழாவுக்கு வேந்தரே வந்தார். உச்சிவெயில். நாற்பது முரசும் ஒன்றாக முழங்க, முந்நூறு கண்ணாடியும் வேந்தரின் திருமுகத்தை நோக்கியே வெயிலை வீச, திருமேனிநாதர் வரவேற்புரையை ஆரம்பித்தார். உரை நான்கு நாழிகை நீடித்தது. ஓரத்தில் சாம்பல் வாளியோடு நின்ற ஆவுடைக்குக் கண்ணோரம் பூச்சி பறக்கத் தொடங்கியது. போச்சு, நாளைக்கு எழுந்திருக்க முடியாது, பெயரை அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தபடியே மேடையைப் பார்த்தாள்.

வேந்தர் இடது பொட்டை அழுத்திக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. சற்று நேரத்தில் மாலை வைத்திருந்த தட்டிலேயே வாந்தி எடுத்தார். அமைச்சர்கள் கை தட்டுவதா, ஓடுவதா என்று தெரியாமல் பாதிக் கை தட்டி நின்றார்கள்.

ஆவுடைக்குப் பாவமாகிவிட்டது. தன் வலியை மறந்து மேடையேறினாள். “முதல்ல அந்த முரசை நிறுத்தச் சொல்லுங்க சாமி! கண்ணாடியெல்லாம் சுவத்துப் பக்கம் திருப்புங்க!” என்று அதட்டிவிட்டு, தன் தலைக்கென்று வைத்திருந்த ஈரத்துணியை வேந்தரின் நெற்றியில் சுற்றினாள். அதட்டியது யார் என்று பார்க்காமலே எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். அந்த நாட்டு அதிகாரிகளுக்கு அதட்டல் ஒன்றுதான் அடையாளச் சீட்டு.

“இது எத்தனை நாள் இருக்கும், அம்மா?” என்று முனகினார் வேந்தர்.

“மூணு நாளுங்க. அப்புறம் போயிரும். அப்புறம் திரும்பவும் வருமுங்க.”

உடனே ஆணை பிறந்தது. மூன்று நாள் நாடு முழுவதும் முரசு கிடையாது, கண்ணாடிகளுக்குக் கறுப்புத்துணி, யாரும் வேலைக்கு வரவேண்டாம், தாளிக்கவும் வேண்டாம். ஆவுடை வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். கோணி தொங்கவிட வேண்டிய தேவைகூட இல்லை. தெருவே நிழலாகக் கிடந்தது. வேலைக்கு யாருமே வராததால் யாருக்கும் புள்ளி விழவில்லை. மூக்கன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காதோரம் கிசுகிசுத்தான். “வேந்தர் நல்லா இருக்கணும், புள்ள.” சொன்னபிறகுதான் சொன்னது சரியா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. ஆவுடைக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

நான்காம் நாள் வேந்தர் எழுந்ததும் அவள் மன்றத்துக்கு ஓடினாள். திருமேனிநாதர் மலர்ந்த முகத்தோடு இருந்தார்.

“சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ‘சிரசே பிரதானம்’ என்ற இரண்டாம் பாதியும் சேர்ந்தாயிற்று.”

“அப்ப எனக்கு நிழற்படி உண்டுங்களா?”

“பொறு. நாட்டின் சிரசு யார்? வேந்தர். ஆகவே இரண்டாம் பாதி அவரைக் குறிக்கும். அவருடைய தலை எட்டுச் சாண். உன்னுடையது பழையபடி ஒரு சாண்.”

அன்று மட்டும் ஆவுடைக்கு அழுகை முட்டியது. ஆனால் அதிலிருந்து பதினோராம் நாள் வேந்தருக்கு மறுபடி தலை வலித்தது. நாடு மறுபடி அடங்கியது. முரசும் வெயிலும் அடங்கிய ஊரில் ஆவுடைக்கு வலி வரும் நாட்களும் குறைந்தன. அவளுடைய பெயருக்கு வந்த ஆபத்து அந்த மாதமும் தள்ளிப்போனது, அடுத்த மாதமும் தள்ளிப்போனது. பொழுதுக்கும் தூங்கி எழுந்த ஊரில் பிள்ளைகள் சதை பிடித்தார்கள், புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் குறைந்தன. பெண்கள் மாரியம்மனுக்குப் பொங்கலிட்டு வேந்தரின் தலைக்காக வேண்டிக்கொண்டார்கள். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று அதிகாரிகள் கேட்கவில்லை. மக்களின் பேரன்பு என்று சாதனைப் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள்.

வெளிச்சபுரியில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தான் ஓட்டுப் போட்டு வேந்தரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அந்த மக்களுக்கே அது பெரும்பாலும் விட்டுப்போயிருந்தது. இந்த முறை வேந்தரை எதிர்த்து மல்லாண்டார் என்பவர் நின்றார். அவர் நல்ல மனிதர். ஊனமுற்ற அனைவருக்கும் நிழற்படி, ஒருவருக்கும் அளவுகோல் இல்லை என்று மேடையில் முழங்கினார். கூட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. ஆவுடை எழுந்து நின்றாள்.

“அதெல்லாம் இருக்கட்டும், ஐயா. உங்களுக்கு என்ன வலி?”

மல்லாண்டார் மார்பைத் தட்டினார். “எனக்கா? இரும்பு உடம்பு அம்மா! இத்தனை வயசுல ஒரு தும்மல் வந்ததில்ல.”

கூட்டத்தில் “அச்சச்சோ” என்ற சத்தம் எழுந்தது.

மல்லாண்டாருக்கு ஒரே ஓட்டு விழுந்தது, அதுவும் அவருடையது. பேரொளி வேந்தர் வரலாறு காணாத வெற்றி பெற்று அரண்மனை மாடத்தில் வந்து நின்று கையசைத்தார். நாற்பது முரசும் முழங்கத் தொடங்கின. மூன்றாவது அடியிலேயே வேந்தர் பொட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே நின்ற மக்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, ஓசைப்படாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள்.