குத்துக்கோல் செமிசி

கோல் விழுந்த சத்தத்தில் தேவாலயமே விழித்துக்கொண்டது. விழுந்த இடம்தான் சரியில்லை. பாடகர் குழுத் தலைவியின் புதுத் தொப்பி. அதிலிருந்த மூன்று பிளாஸ்டிக் ரோஜாக்களும் அப்பளமாகிவிட்டன.

கோலைப் பிடித்திருக்க வேண்டிய செமிசி, சுவரில் சாய்ந்து நின்றபடி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் வேலையே தூங்குகிறவர்களை எழுப்புவதுதான். ஞாயிறு பிரசங்கத்தில் எவன் தலை ஆடுகிறதோ, அவன் விலாவில் நீண்ட மூங்கில் கோலால் ஒரு குத்து. பெரிய ஆளா, சின்ன ஆளா என்று பார்க்கக் கூடாது. டோங்காவின் மற்ற ஊர்களில் எப்படியோ, இந்த ஊரில் அது பரம்பரை மரியாதை. தாத்தா குத்தினார், அப்பா குத்தினார், இப்போது செமிசி.

ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்.

"இன்னும் மூணு ஞாயிறு பார்ப்போம். அதுக்குள்ள திருந்தலேன்னா கோலு மோலெனி கைக்குப் போயிடும்."

மோலெனி பக்கத்து வீட்டுக்காரன். அவன் முகத்தில் அப்போதே கோல் பிடித்த களை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி லோசலினே, டோங்கா வழக்கப்படி உடைமேல் இடுப்பில் சுற்றியிருந்த ஞாயிற்றுக்கிழமைப் பாயை அவிழ்த்து மடித்தபடி ஆரம்பித்தாள்.

"அந்தக் கோலு உங்க குடும்பத்துல இருக்குன்னுதான் எங்கப்பா என்னை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தாரு. இல்லேன்னா நான் இன்னிக்கு மோலெனி வீட்டு லாரியில உக்காந்திருப்பேன்."

"அந்த லாரிதான் ஓடாதே!"

"உக்காரலாம்ல?"

செமிசி பேச்சை மாற்றினான்.

"நான் என்னடி செய்யட்டும்? போதகர் எங்கே ஆரம்பிச்சாலும் நோவாவோட பேழைக்கு வந்துடுறாரு. மிருகமெல்லாம் ஜோடி ஜோடியா ஏற ஆரம்பிச்சதும் எனக்குக் கண்ணு சொக்குது."

"மிளகாயை மெல்லுங்க."

அடுத்த ஞாயிறு மிளகாயை மென்றான். தூக்கம் போனது. மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைத் துடைத்ததுதான் தப்பு. தாரை தாரையாக நீர் கொட்டியது. பிரசங்கம்தான் அவனை உருக்கிவிட்டது என்று முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்துப் பின்வரிசை அழுதது. அழுகைச் சத்தம் ஏற ஏற, மேடையில் போதகர் லோபெட்டியின் பிரசங்கமும் நீண்டுகொண்டே போனது. அந்த நீட்சியில் செமிசி கண்ணீரோடு தூங்கிப்போனான்.

"ராத்திரி கவா குடிக்கிற கூட்டத்துக்குப் போகாதீங்க. சனிக்கிழமை சாயங்காலமே படுங்க" என்றாள் லோசலினே.

படுத்தான். அந்த வேர்ச்சாற்றுக் கூட்டத்தில் அவன் இடம் காலியாக இருந்தது. செமிசிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊருக்குள் செய்தி பரவியது. உடம்பு சரியில்லாதவனைத் தனியாக விடுகிற ஊரா இது? கிதார், பாய், கவாக் கிண்ணம் எல்லாவற்றோடும் மொத்தக் கூட்டமும் அவன் கட்டிலைச் சுற்றி வந்து உட்கார்ந்தது. விடிகிறவரை பாட்டு.

"பாடுறது கேக்குதா செமிசி? சுகமா இருக்கா?"

"இருக்குப்பா" என்று முனகினான்.

மறுநாள் தேவாலயத்தில், போதகர் ஜெபம் பண்ணுவோம் என்று சொல்லும்போதே அவன் குறட்டை விட்டான்.

மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. சுகாதார நிலையத்து நர்ஸ் லெசியெலியிடம் போய்க் கையைப் பிசைந்தான்.

"அண்ணே, ஆழ்ந்து தூங்கறப்பதான் உடம்பு தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும். நீங்க பட்டறையைத் திறக்கவே விடலையே. அதான் பகல்ல, கண்ணு திறந்திருக்கும்போதே மூளை ஷட்டரை இறக்கிடுது."

"அதுக்காக நின்னுக்கிட்டேயா தூங்குவாங்க?"

"நிக்கிறது என்ன பெரிய விஷயம்! தூக்கத்துல நடக்குறாங்க, சமைக்கிறாங்க. நாள் கணக்கா பாடம் பண்ணினதை அப்படியே ஒப்பிக்கிறவங்களும் உண்டு. எழுப்பிக் கேட்டா, 'நானா?'ம்பாங்க."

சனிக்கிழமை முழுக்க லெசியெலி அவனைச் சுகாதார நிலையத்து உள்ளறையில் படுக்கவைத்து, வாசலில் 'இன்று ஊசி போடப்படும்' என்று பலகை மாட்டினாள். ஒரு பயல் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. செமிசி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான்.

ஞாயிறு. வலையிலிருந்து துள்ளி விழுந்த மீன் மாதிரிச் சுறுசுறுப்பாக நின்றான் செமிசி. வீடுகளில் மண்ணுக்கடியில் தோண்டிய அடுப்புகளில் பன்றியும் சேம்பும் வெந்துகொண்டிருந்தன. போதகர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கித்தார். முப்பது வருடமாக அப்படித்தான். அவ்வளவு பக்தி என்று ஊரே மெச்சும்.

முதல் தலை ஆடியது. மோலெனி! செமிசி ஆசை தீர ஒரு குத்து விட்டான்.

"ஐயோ!"

"விழிச்சுக்க, மாப்ளே!"

ஆனால் கொஞ்ச நேரத்தில் வரிசை வரிசையாகத் தலைகள் சாய்ந்தன. பெரியவர்கள் சாய்ந்தார்கள், தொப்பித் தலைவி சாய்ந்தாள், மோலெனியும் மறுபடி சாய்ந்தான். ஒற்றைக் கோலால் எத்தனை பேரைக் குத்துவது? செமிசி வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரசங்கத்தைக் காது கொடுத்துக் கேட்டான்.

பேழையில் குதிரைகள் ஏறின. பன்றிகள் ஏறின. கோழிகள் ஏறின. பிறகு, ஏறிய பன்றிகளே மறுபடி ஏறின. கோழிகளும் ஏறின. மூன்றாம் முறை பன்றிகள் வந்தபோது செமிசி மேடையை உற்றுப் பார்த்தான்.

போதகரின் தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. வேதப் புத்தகத்தின்மேல் மெல்லிய எச்சில் நூல் இறங்கியிருந்தது. குதிரைக்கும் பன்றிக்கும் நடுவே சன்னமாக ஒரு குறட்டை.

ஆள் யாரென்று பார்க்கக் கூடாது. அதுதான் தாத்தா காலத்துச் சட்டம். இன்றைக்குக் குத்தாவிட்டால் என்றைக்குக் குத்துவது? செமிசி கோலை மெல்ல மேடைப்பக்கம் நீட்டினான்.

முன்வரிசையிலிருந்து ஒரு கை கோலைப் பிடித்தது. போதகரின் மனைவி பிசிலா.

"வேணாம் செமிசி" என்று கிசுகிசுத்தாள். "உங்கப்பா ஒரே ஒரு தடவை இவரை எழுப்பினாரு. எழுந்தவரு ஆதாம்லேருந்து மறுபடி ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம்தான் உங்கப்பா நின்னுக்கிட்டே தூங்கக் கத்துக்கிட்டாரு."