பிளான் அண்ணையின் நோர்வேப் பயணம்

வட ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளைப் பிளான் அண்ணை அளவுக்கு அறிந்த தமிழர் இந்தப் பூமியில் வேறு யாரும் இல்லை. பிரான்சின் கரையில் இறங்கி நோர்வே போய்ச் சேரும்வரை எங்கே பெட்ரோல் அடிக்கலாம், எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும், எந்தப் பாலத்தில் காற்று காரைத் தள்ளப் பார்க்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஒரேயொரு சின்னக் குறை. நான் அவரிடம் குடிவந்த நாளில் அவர் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தைத் தாண்டியதே இல்லை.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் அவர் வீட்டு மாடி அறையில் நான் நாலு வருடம் இருந்தேன். எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அண்ணை லண்டன் பஸ் சாரதி. இருபத்திரண்டு வருடம் ஒரே வழித்தடத்தில், ஒரே நிறுத்தங்களில், ஒரே பாட்டிமாரை ஏற்றி இறக்கியவர். கதவைப் பூட்டிவிட்டால் பிரதமரே ஓடிவந்தாலும் திறக்கமாட்டார் என்று பிளேஸ்டோ முழுக்கப் பெயர். அப்படிப்பட்ட மனிதருக்கு ஏழு நாடுகளைக் காரில் கடக்கவேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்று கேட்கவே வேண்டாம். ஒரே தெருவில் இருபத்திரண்டு வருடம் போய் வந்தால் உங்களுக்கும் வரும்.

சமையல் நடக்கும் குசினியில் சுவரே தெரியாது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டவணைகள்தான் தெரியும். “காலை 10.14, பெல்ஜியம் எல்லை. 10.15, பெல்ஜியம் பற்றிப் பேசலாம். 10.40, பிளாஸ்க் திறத்தல்.” இந்த மாதிரி எழுபது எண்பது வரிகள். பேசுவதற்குக்கூட நேரம் ஒதுக்கிய மனிதரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஆனால் அவருடைய வரைபடத்தில் ஊர்கள் கிடையாது. ஒருநாள் என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பரீட்சை வைத்தார்.

“தம்பி, ஹம்பேர்க் எண்டால் என்ன?”

“ஜெர்மனியில ஒரு நகரம், அண்ணை.”

“பிழை. ஹம்பேர்க் எண்டால் பெரிய மச்சாள் வீடு. கொப்பன்ஹேகன் எண்டால்?”

“டென்மார்க்கின்ரை தலைநகரம்.”

“உமக்கு ஒண்டும் தெரியாது. கொப்பன்ஹேகன் எண்டால் குகன் மச்சான்.”

சிக்கலே அங்கேதான். எங்கள் ஆட்கள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது ஆளுக்கொரு நாட்டில் போய் இறங்கினார்கள். இப்போது ஐரோப்பாவில் எந்த வீதியில் போனாலும் யாராவது ஒரு சொந்தக்காரரின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசலைத் தாண்டிப் போய்விட்டு உள்ளே போகாமல் விட்டால் அடுத்த மூன்று தலைமுறைக்குக் கல்யாணக் கார்டு வராது. உள்ளே போனால் சாப்பிடாமல் வெளியே வர ஏலாது. சாப்பிட்டால் படுக்காமல் போகவிட மாட்டார்கள்.

முதல் வருடத் திட்டம் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் கவிழ்ந்தது. டென்மார்க் மச்சானுக்கும் சுவீடன் சகலைக்கும் நடுவில் இருப்பது ஒரு பாலம்தான். இருவரும் ஒரே நாள் மத்தியானத்தைக் கேட்டார்கள். சகலைக்கு இரவுச் சாப்பாட்டை ஒதுக்கப் போக, “நாங்கள் என்ன, மிச்சச் சோறு சாப்பிடுற ஆக்களோ?” என்று அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். சமாதானத்தின் பெயரால் பயணம் ரத்து. இரண்டாம் வருடம் ஜெர்மனியில் தங்களுக்குள் பேசாத இரண்டு மச்சாள்மாரில் யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதில் ரத்து. மூன்றாம் வருடம் பேர்மிங்ஹாமில் சொந்தக்காரப் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீடு வந்து லீவையெல்லாம் விழுங்கிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் உண்மையாகவே பயணம் போக ஆசைப்பட்ட ஒரு சீவன் அந்த வீட்டில் இருந்தது. அண்ணையின் மனைவி மணி அக்கா.

மகன் கல்யாணம் கட்டித் தனியே போய்விட்டான். அக்காவுக்குப் பள்ளிக்கூடக் குசினியில் வேலை. அங்கே முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய சொந்தம் ஏதாவது ஒன்று சோபாவில் இருக்கும். முப்பது வருடமாக அந்தச் சோபா காலியாக இருந்து நான் கேள்விப்படவில்லை. நாலாம் வருடத் திட்டத்துக்காக அண்ணை புதுப் பேப்பரை விரித்தபோது அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

“இஞ்சருங்கோ, எனக்கு உங்கடை ஏழு நாடும் வேண்டாம். நோர்வேயில ஒரு தண்ணிக்கரை. குந்தியிருக்க ஒரு வாங்கு. ஒரு தேத்தண்ணி. என்னைத் தெரிஞ்ச ஒருத்தரும் அங்கை இருக்கக்கூடாது. ‘மணி, மருமோளுக்கு இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ’ எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது. ஏலுமோ, ஏலாதோ?”

“ஏலும், ஏலும். 12.40க்குப் போடுறன்.”

“இந்த முறையும் குழம்பினால் நான் கோச் டூரில தனியப் போறன். நீங்கள் உங்கடை பேப்பரோடை குடும்பம் நடத்துங்கோ.”

பஸ்ஸில் கூட்டமாகச் சுற்றுலா போகிற அந்தக் கோச் டூர் புத்தகம் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டது. அண்ணை பயந்துவிட்டார். முதல்முறையாகச் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத ஒரு அட்டவணை போட்டார். பரம ரகசியம். அவருக்கும் அக்காவுக்கும், இரண்டாவது சாரதியாக நியமிக்கப்பட்ட எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒத்திகையும் நடந்தது. ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத சூப்பர் மார்க்கெட் கார் தரிப்பிடம். அண்ணை ஐரோப்பாவில் ஓட்டுவதுபோல வலது பக்கமாக ஓட்டிப் பழகினார். அக்கா மடக்குக் கதிரையில் எல்லை அதிகாரியாக உட்கார்ந்தார். தள்ளுவண்டிதான் எல்லைக் கதவு.

“ஏன் எங்கடை நாட்டுக்கு வந்தனீங்கள்?” என்றார் அக்கா.

“சும்மா, பாக்க.”

“சும்மா வந்த ஆக்களை விடேலாது. திரும்பிப் போங்கோ.”

மூன்று முறை எங்களைத் திருப்பி அனுப்பினார். நாலாவது முறை அண்ணை “என்ரை மனிசிக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுக்க” என்று சொன்ன பிறகுதான் தள்ளுவண்டி நகர்ந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது, அண்ணைக்குக் காருக்குப் பூசை செய்யவேண்டும் என்று தோன்றும்வரை. ஏழு நாடு போகிற கார், எலுமிச்சம்பழம் நசுக்காமல் எப்படிப் போகும்? பக்கத்துக் கோயில்களில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆகவே ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக லண்டனின் மறுகோடிக்கு, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனோம். போன நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் ரகசியம் காக்கப் போன ஒரே மனிதர் எங்கள் அண்ணையாகத்தான் இருக்கும்.

ஐயர் கற்பூரத் தட்டோடு சாதாரணமாகக் கேட்டார். “எங்கை பயணம்?”

“சும்மா, கிட்டத்திலதான்” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மன் வாசலில் வைத்துப் பொய் சொல்ல அண்ணைக்கு வாய் வரவில்லை. நாடு நாடாக, வீதி இலக்கத்தோடு, நிறுத்தும் நேரங்களோடு முழு அட்டவணையையும் ஒப்புவித்தார். ஐயர் பாதியில் கற்பூரத்தை இன்னொருமுறை கொளுத்தவேண்டியிருந்தது. பின்னால் பிரசாதத்துக்காக நின்ற வரிசையில் யோகம் மாமி நின்றார். யோகம் மாமி ஹம்பேர்க் மச்சாளின் சொந்தச் சித்தி.

நாங்கள் பிளேஸ்டோவுக்கு வந்து சேரும் முன்பே டென்மார்க்கில் நண்டு வாங்கியாகிவிட்டது. பெல்ஜியம் சித்தப்பா கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுப் படம் அனுப்பியிருந்தார். நோர்வேயின் பேர்கன் நகரத்தில் இருக்கும் அண்ணையின் தங்கச்சி அழுதுகொண்டே ஒரு குரல் செய்தி போட்டிருந்தாள். “அண்ணை, எங்கடை வாசலைத் தாண்டிப் போக உனக்கு எப்பிடி மனம் வந்தது?”

அன்று பின்னேரம் பழைய அட்டவணை கழற்றப்பட்டு, பதினொரு வீடுகள் கொண்ட புது அட்டவணை ஏறியது. பத்து நாள் பயணத்தில் பதினொரு வீடு. 12.40 தேநீரைக் காணவில்லை. அக்கா சண்டை போடுவார் என்று நான் மாடிப்படியில் காத்திருந்தேன். அக்காவோ பெட்டியில் இருந்த பயணத்தில் காலுக்குப் போட வாங்கிய தன் புதுச் சப்பாத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் வீட்டுக்கு ஒன்றாகப் பதினொரு பாக்கெட் மிளகாய்த்தூளை ஒவ்வொன்றாக அடுக்கினார். அண்ணை வாசலில் நின்று அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை என்னையும் சேர்த்திருந்த குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணையின் அறிவித்தல் ஒன்று வந்தது. அதை வாசித்துவிட்டு நான் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன்.

“அன்புள்ள சொந்தங்களுக்கு. நான் ஒருத்தர் வீட்டுக்கும் வரேல்லை. நான் பஸ் டிரைவர். பஸ் வீட்டுக்கு வராது, நீங்கள்தான் ஸ்டொப்புக்கு வரவேணும். உங்கடை ஸ்டொப் எது, எத்தனை மணிக்கு எண்டு கீழ போட்டிருக்கிறன். எல்லாம் பெரிய வீதியில இருக்கிற பெட்ரோல் ஸ்டேஷன்கள். ஒரு ஸ்டொப்புக்குப் பன்னிரண்டு நிமிசம். கதவு பூட்டினால் பூட்டினதுதான்.”

குழுவில் நாலு மணிநேரம் பூகம்பம். மூன்று பேர் விலகினார்கள். பிறகு தங்களுடைய நிறுத்தம் எது என்று தெரியவேண்டும் என்பதால் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். அக்கா மிளகாய்த்தூளைப் பைக்குள் மாற்றிவிட்டுச் சப்பாத்தை மறுபடியும் பெட்டியில் வைத்தார்.

போனோம். சத்தியமாக டோவரைத் தாண்டிப் போனோம். கப்பல் நகர்ந்தபோது அண்ணை நேரத்தைக் குறித்துவிட்டு, “நாலு நிமிசம் பிந்தி” என்று பிரான்சைப் பார்த்து முறைத்தார்.

பெல்ஜியத்தில் சித்தப்பா குடும்பம் பெட்ரோல் பம்பு பக்கத்தில் இடியப்பப் பெட்டியோடு வரிசையில் நின்றது. பன்னிரண்டு நிமிடத்தில் மிளகாய்த்தூள் கைமாறி, சுகம் விசாரித்து, படம் எடுத்து, சித்தப்பா தன் நீரிழிவைப் பற்றிப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு பூட்டப்பட்டது. ஜெர்மனியில் பேசாத மச்சாள்மார் இருவருக்கும் ஒரே நிறுத்தம், ஒரே நேரம். கார் தரிப்பிடத்தின் இரண்டு மூலையில் நின்றவர்கள், “தம்பி எப்பவும் இப்பிடித்தான்” என்று அண்ணையைத் திட்டுவதற்காக ஒன்றாக வந்து நின்றார்கள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் வார்த்தை அது.

டென்மார்க்கில் குகன் மச்சான் இரண்டு நிமிடம் பிந்திவிட்டார். எங்கள் கார் நகர, நண்டுக் கறிச் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

“நிப்பாட்டுங்கோ! உங்கடை சொந்த மச்சான்!” என்று அக்கா கத்தினார்.

“கதவு பூட்டியாச்சு” என்றார் அண்ணை, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

மனிதர் விடவில்லை. தன் காரை எடுத்துத் துரத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டி, சுவீடன் சகலையின் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். மூன்று வருடச் சண்டைக்காரர்கள் இருவரும் காரின் முன்மூடியில் தட்டை வைத்து ஒரே சட்டியில் நண்டு சாப்பிட்டார்கள். அது மத்தியானமா இரவா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணை துரத்திவந்த மச்சானைப் பார்த்து, “அடுத்த ஸ்டொப்பில ஏறினதுக்கு நன்றி” என்றார்.

நோர்வேயில், மலைகளுக்கு நடுவே கடல் கையை நீட்டி உள்ளே வருகிற ஒரு இடத்தில், வீதியோரமாக ஒரு மர வாங்கு இருந்தது. அண்ணை அதைக் கணினியில் எத்தனை நாள் தேடிக் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. நேரம் 12.40. சுற்றிவர ஒரு குருவி இல்லை. அக்கா புதுச் சப்பாத்தோடு போய் உட்கார்ந்தார். அண்ணை பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கையில் கொடுத்தார். நானும் அக்கா பக்கத்தில் உட்காரப் போனேன். அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“எங்கை அண்ணை?”

“வாரும், வாரும். நாங்களும் தெரிஞ்ச ஆக்கள்தானே.”

வீதியோரக் கழிப்பறைக் கட்டிடத்துக்குப் பின்னால் போய் நின்றோம். மழை தூறியது. அங்கிருந்து கடலும் தெரியாது, மலையும் தெரியாது. ஏழு நாட்டுக்குத் திட்டம் போட்ட மனிதர், கடைசியில் வந்துசேர்ந்த இடத்தில் கழிப்பறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நனைந்தார். அட்டவணைப்படி இருபது நிமிடம். இருபதாவது நிமிடத்தில் சுவர் மூலையால் மெதுவாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

“குடிச்சு முடிச்சிட்டா” என்றார். “ஆனால் எழும்பேல்லை.”

பேர்கன் வீதியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காத்திருந்த தங்கச்சி அழைத்தாள். என் கைப்பேசி அலறியது. அண்ணை கை மணிக்கூட்டைப் பார்த்தார், மறுபடியும் தலையை நீட்டி அக்காவைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

“பஸ் பிந்தும் எண்டு சொல்லும், தம்பி.”

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. முழுக்க நனைந்துபோனது மட்டும் தெரியும். நான் எத்தனையோ அறைகளில் குடியிருந்திருக்கிறேன், எத்தனையோ வீட்டுக்காரர்களோடு பழகியிருக்கிறேன். அந்த மனிதர்மேல் வைத்த அன்பை நான் வேறு யார்மேலும் வைத்ததில்லை.