வாழைமரத்துக்கு ஒப்பாரி

கொல்லிமலையே அழுகிற மாதிரி ஒரு படம் எடுத்தே தீருவது என்று முருகானந்தம் தீர்மானித்தான். கதைக்குப் பஞ்சமில்லை. தலைமுறை தலைமுறையாக மேடையேறி ஊரை அழவைத்த சோக நாடகம் ஒன்று இருந்தது. கோள் பேச்சை நம்பி ராணியைக் காட்டுக்கு விரட்டுகிறான் ராஜா. உண்மை தெரிந்து ஓடி வந்தால், ராணி பாடையில் கிடக்கிறாள். ராஜா விழுந்து புரண்டு அழுகிறான். அவ்வளவுதான் கதை.

கதை இருந்தது, காசு இல்லை. அதனால் அரண்மனை ஓட்டு வீடாயிற்று. ராஜ்யம் மிளகுத் தோட்டமாயிற்று. கிரீடம் தலைப்பாகையாயிற்று. ராஜா வேறு யார்? முருகானந்தமேதான். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் பிரேமின் செல்போன்தான் கேமரா.

பாதிப் படம் முடிந்தபோது சிக்கல் வந்தது.

"பாடையைச் சுத்தி நூறு பேராவது அழுவோணுமுங்கண்ணா. நூறு பேருக்கு எங்க போறது?" என்றான் பிரேம்.

"தானா வருவாங்கடா. சாவு மோளம் கேட்டா நம்ம மலையில, இந்தக் குண்டூர் நாட்டு ஊருங்கள்ல எவனாச்சும் ஊட்டுல உக்காந்திருப்பானா? கைவேலையப் போட்டுட்டு ஓடியாருவான். நீ பலாமரத்துல ஏறி ஒளிஞ்சுக்க. அழுவறத அப்படியே புடி."

"யாரு செத்ததுன்னு கேப்பாங்களே?"

"நான் உருண்டு அழுதுட்டு இருக்கறப்ப எவன்டா கேப்பான்?"

"அண்ணிக்குத் தெரியுமுங்களா?"

"அவ செம்மேட்டுச் சந்தைக்குப் போறா. வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சுருட்டிடலாம்."

மனைவி பூங்குழலி பஸ் ஏறியதும் வேலை தொடங்கியது. ஆள் நீளத்துக்கு வாழைமரம் ஒன்றை வெட்டிப் பாடையில் கிடத்தினான். கொடியில் காய்ந்த சேலையை உருவி அதன்மேல் சுற்றினான். அடிவாரத்திலிருந்து வந்த மோளக்காரர்கள் கேள்வி கேட்காமல் அடித்தார்கள்.

அரை மணி நேரத்தில் சரிவெல்லாம் ஆட்கள். மரவள்ளி பிடுங்கிய மண் கையோடு வந்தார்கள். மேட்டுக்காட்டுச் சின்னாயி மூச்சு வாங்க வந்து நின்றாள். பாடையைப் பார்த்தாள்.

"அய்யோ, இது பூங்குழலி சேலையல்லோ!"

முருகானந்தம் இதை யோசிக்கவேயில்லை. ஒரே கணத்தில் ஒப்பாரி மலையைப் பிளந்தது. 'சினிமாங்க' என்று சொல்ல வாயைத் திறந்தான். அத்தனையும் நிஜக் கண்ணீர். வாயை மூடிக்கொண்டான்.

சின்னாயி அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். "இனி உனக்கு யாரு சாமி கஞ்சி ஊத்துவா?"

அவனும் அழுதான். நடிப்பு இல்லை, வெட்கம். பலாமரத்திலிருந்து பிரேம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அப்போது பூங்குழலியின் அண்ணன் கருப்பண்ணன், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு கதறிக்கொண்டு வந்தான். தங்கை முகத்தைக் கடைசியாகப் பார்க்கத் துணியை விலக்கினான்.

வாழைமரம்.

மோளம் நின்றது. கருப்பண்ணன் மெல்ல நிமிர்ந்தான்.

"சாவுல வெளையாடறியா? நாளைக்கு நெசமாவே ஒரு சாவு விழுந்து உன் ஊட்டுல மோளம் அடிச்சா, இந்த நாட்டுல ஒரு நாய் வராது!"

கூட்டம் ஆமாம் என்பதுபோல நின்றது. சாவுக்கு ஆள் வராத வீடு மலையில் வீடே இல்லை.

"அண்ணா, அவரைத் திட்டாதீங்க."

சந்தைப் பையோடு பூங்குழலி நின்றாள். தன் சாவுச் செய்தியைச் சந்தையிலேயே கேட்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்தவள். பாடையைப் பார்த்தாள். பலாமரத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"நாந்தாங்க செய்யச் சொன்னேன். எனக்கு இந்த வருசம் கண்டமுன்னு பூசாரி சொல்லிப்போட்டாருங்க. எனக்குப் பதிலா வாழைமரத்தப் பாடையில வெச்சு, நாடே கூடி நெசமா அழுதாத்தான் கழியுமாம். முன்கூட்டியே சொன்னா உங்களுக்கு அழுகை வருமுங்களா?"

கூட்டம் பெருமூச்சு விட்டது. சின்னாயி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "நூறு வயசு இருப்ப கண்ணு." பிறகு முருகானந்தத்தின் பக்கம் திரும்பினாள். "பொண்டாட்டிக்காக இப்படி அழுவற ஆம்பளைய நான் பாத்ததில்ல சாமி."

முருகானந்தம் தரையைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க," என்றாள் பூங்குழலி. "புருசங்காரரு மொட்டை போட்டு மீசையும் எடுக்கோணும். வந்தவங்களுக்கெல்லாம் அவரு கையால ஆக்கிப் போடோணும். பதினாறு நாளைக்கு நான் அடுப்படிப் பக்கமே போகக்கூடாதாம்."

"படம்..." என்று ஆரம்பித்தான் முருகானந்தம். மீசையுள்ள ராஜாவுக்கு இன்னும் பாதிப் படம் பாக்கி. ஆனால் கருப்பண்ணன் ஏற்கனவே சவரக் கத்திக்காரரைக் கூப்பிட ஓடிவிட்டான். மரத்தில் பிரேம் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பாதி மீசை போன பிறகு முருகானந்தம் மனைவியிடம் கிசுகிசுத்தான்.

"பூசாரி இதெல்லாம் எப்பச் சொன்னாரு?"

"அவருக்கே இனிமேத்தானுங்க சொல்லோணும். மொட்டை காயறதுக்குள்ள நீங்களே போய்ச் சொல்லிப்போட்டு வந்துருங்க."