ஹாலந்து வால்வில் ஆனந்தமேரி

மனிதனுக்குக் காது எதற்காகப் படைக்கப்பட்டது என்ற கேள்விக்கு உலகம் ஆதிகாலம் தொட்டு விடை தேடிவந்தது. 1959ஆம் ஆண்டு பங்குனி மாதம் திண்டுக்கல்லில் விடை கிடைத்தது. கிடைத்த இடத்தில் நானும் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நகரில் பொதுமக்கள் குறைகேட்புக் கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்று, தோல் பதனிடும் தோல்ஷாப்பின் முதலாளி உடையப்பன் விரும்பினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் மைக் ‘கீ’ என்று கத்தியதில், மக்கள் சொன்னது எதுவும் மேடைக்கு விளங்கவில்லை.

“சனங்க மேலயும் தப்பில்ல, மேடை மேலயும் தப்பில்ல. அம்புட்டுத் தப்பும் வால்வு மேலதான்” என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார்.

வால்வு என்பது சுண்டுவிரல் அளவுள்ள கண்ணாடிக் குப்பி. மைக் வாங்கித் தருகிற மெல்லிய குரலை முதலில் கையேந்தி வாங்கி வளர்த்துவிடுவது அதுதான். உள்ளே ஒரு கம்பி தணல் போலச் சிவக்கும். ஏழையின் முனகல் அதில் புகுந்தால் ஊர் கேட்கும் குரலாக வெளியே வரும். இத்தனை பெரிய பொறுப்பை ஏதோ ஒரு குப்பியிடம் கொடுத்துவிட முடியுமா? ‘வால்வுத் தேர்வு உயர்மட்டக் குழு’ அமைந்தது. ‘வால்வே வாழ்வு’ என்பது அதன் தாரக மந்திரம்.

குழுவின் தலைவர் உடையப்பன். உறுப்பினர் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஞானராஜ். பக்கத்துத் தெருவில் சுருதி பிசகினால்கூட இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மற்றவர் ரேடியோ கடை பாஸ்கல். வால்வைப் பென்சிலால் தட்டி, அது ‘ணங்’ என்கிறதா ‘டொக்’ என்கிறதா என்று பார்த்தே அதன் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுவார். அடியேன் பார்வையாளன், வியப்பது என் வேலை.

பரீட்சை முதலாளியின் கடைவீதி மாடியில் காலையிலேயே தொடங்கியது. குழு கேட்பதற்குத் தேக்குப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர். அதோடு மொட்டைமாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கரையும் வீதியைப் பார்க்கக் கட்டியிருந்தார் பாஸ்கல்.

“அது எதுக்குய்யா?” என்றார் முதலாளி.

“லோடு இருந்தாத்தான் வால்வு தன் சுயரூபத்தக் காட்டும் மொதலாளி. மனுசன் மாதிரி.”

பேசிப் பார்க்க ஒரு குரல் வேண்டும். பாஸ்கல் “மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்றார். ஞானராஜ் முகத்தைச் சுளித்தார். “இதுல பாவமே இல்லையே.”

“நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்றார் பாஸ்கல்.

அந்த நேரத்தில்தான் சவேரியார் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஆனந்தமேரி படியேறி வந்தார். கையில் ஒரு பாட்டில். அதற்குள் எலுமிச்சைச் சாறு போல மஞ்சளாகக் கிணற்றுத் தண்ணீர்.

“அய்யா, கூட்டம் வரைக்கும் பொறுக்க முடியாது. ஒரு சங்கதி சொல்லணும்.”

“வாம்மா வா. நல்ல நேரத்துல வந்த. அந்த மைக்குல சொல்லு. கேக்குறதுக்குன்னேதான் நாங்க உக்காந்திருக்கோம்” என்றார் முதலாளி.

ஆனந்தமேரியால் நம்ப முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றார். பரீட்சைக்கு வந்திருந்த மூன்று வால்வுகளில் முதலாவதான இங்கிலாந்து வால்வைப் பாஸ்கல் செருகினார்.

“அய்யாமாருக்குத் தோத்திரம். எங்க தெருக் கெணத்துல தோல்ஷாப்புக் கழிவுத்தண்ணி எறங்கிருச்சு. சோறாக்க முடியல. புள்ளைகளுக்கு வயித்தால போகுது. எம் மக ஆஸ்பத்திரியில கெடக்கா.”

குழு கண்ணை மூடிக் கேட்டது. அவர் சொல்லி முடித்த பிறகும் மூவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆனந்தமேரிக்குக் கண் கலங்கியது. மூன்று பெரிய மனிதர்கள் தனக்காகத் துயரப்படுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

“விறைப்பா இருக்கு” என்றார் முதலாளி. “கஞ்சி போட்ட வேட்டியாட்டம்.”

“ஆமா. ‘ஆஸ்பத்திரி’ங்குற எடத்துல ‘ஸ்’ கொஞ்சம் சீறுது” என்றார் ஞானராஜ்.

“அடுத்த வால்வு” என்றார் பாஸ்கல். “செத்த நேரம் பொறும்மா, சூடாகட்டும்.”

வால்வு சூடானது. ஆனந்தமேரியும் சூடானார். ஜெர்மன் வால்வில் அவர் தோத்திரம் சொல்லவில்லை.

“நான் என்ன சொல்றேன், நீங்க என்ன பேசுறீக? பச்சப்புள்ளைக சாகக் கெடக்குதுக. கழிவு வாய்க்காலத் திருப்பி விடுங்கன்னு மாசக்கணக்கா அலையுறோம். காதுல என்ன ஈயமா?”

“ஈயத்த ஏன் இழுக்குது இந்தம்மா? சால்டரிங் நல்லாத்தான் இருக்கு” என்றார் பாஸ்கல்.

“அடிக்குரல் ஆணி அடிச்சாப்புல நிக்குது. ஆனா ஈரம் பத்தல” என்றார் முதலாளி.

குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே கடைவீதியில் சலசலப்பு எழுந்தது. பரீட்சைக்கு இடைஞ்சல் என்று ஞானராஜ் எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார். கலைக்கு அவர் செய்த தொண்டுகளில் இது தலையாயது.

மூன்றாவதாக ஹாலந்து வால்வு ஏறியது. ஆனந்தமேரி மைக்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்தார்.

“ஊர்ச்சனமே, கேளுங்க. எங்க கெணத்தக் கெடுத்தது உடையப்பன் தோல்ஷாப்பு. உடையப்பன் என்னைய எதுத்தாப்புல நிக்க வச்சுப் பாட்டுக் கேக்குறாப்புல கேக்குறாரு. நான் இப்பப் போறேன். மம்பட்டி வச்சிருக்கவுக கூட வாங்க.”

பாட்டிலை முதலாளியின் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

முதலாளி உடையப்பன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு ஒளி.

“கவனிச்சீகளா? ‘உடையப்பன்’னு சொல்லுதுல்ல, அந்த ‘ப்ப’ வெடிக்கவே இல்ல. வெண்ணெய்யா எறங்குது.”

“தேன்” என்றார் ஞானராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்னா சாரீரம்.”

“கோவத்துலயும் இம்புட்டுக் கனிவு குடுக்குதுன்னா, அது ஹாலந்துதான்” என்றார் பாஸ்கல்.

ஆனால் ஒரு குரலை வைத்து ஒரு வால்வை முடிவு செய்வது நீதியாகாது. ஆண்குரல் ஒன்றும் வேண்டும் என்று குழு கருதியது. கருதி முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது; தோல்ஷாப் கணக்குப்பிள்ளை பொம்மையன், முழங்கால்வரை சேறோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மொதலாளி, மோசம் போச்சு…”

“மைக்குல சொல்லுய்யா” என்றார் முதலாளி.

பொம்மையன் விசுவாசமுள்ளவர். மைக்குக்குப் போனார். “கடைவீதிச் சனம் திரண்டு வந்து, கல்லும் மண்ணும் சாக்குமாப் போட்டு நம்ம வாய்க்கால அடைச்சுருச்சு மொதலாளி. கழிவுத்தண்ணி திரும்பி நம்ம தோல்ஷாப்புக்குள்ளயே ஏறுது. ஏத்துமதிக்குக் கட்டி வச்ச தோலெல்லாம் மெதக்குது.”

அடைத்த ஜன்னலையும் தாண்டி வீதியில் பெரிய ஆரவாரம் கேட்டது.

“மூக்கால பேசுறான்” என்றார் முதலாளி. “ஆனா அதையும் வால்வு மறைக்கல பாத்தீகளா? நேர்மையான வால்வு.” ஹாலந்து வால்வு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. குழு எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன், பார்வையாளனுக்கு அந்த உரிமை உண்டு. அதன் பிறகுதான் முதலாளி, “ஆமா, எது மெதக்குதுன்ன?” என்று கேட்டார்.

அடைத்த வாய்க்கால் திறக்கப்படவே இல்லை. தோல்ஷாப் தன் தண்ணீரைத் தானே குடித்துத் திணறியது. கழிவை ஊருக்கு வெளியே கொண்டுபோகக் குழாய் போட்ட பிறகுதான் அது மறுபடி மூச்சுவிட்டது. கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு போட்டார்கள். ஆனந்தமேரியின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீடு வந்தாள்.

விசாரணைக்கு வந்த தாசில்தார் குழுவைக் கூப்பிட்டு, “கலகம் நடக்குறதுக்கு முன்னால இந்தம்மா உங்ககிட்ட வந்து முறையிட்டாங்களா?” என்று கேட்டார்.

“வந்தாங்க சார்” என்றார் உடையப்பன் பெருமையோடு. “மூணு வால்வுலயும் பேசவிட்டு, கண்ண மூடி உன்னிப்பாக் கேட்டோம். ஹாலந்துல ஒரு குறைகூடக் கேக்கல.”

அவர் சொன்னது சத்தியம். அவர்கள் செவிடர்களாக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். ஆனால் மதுரை ஜில்லாவிலேயே அவ்வளவு கூர்மையான காது வேறு யாருக்கும் கிடையாது.